சிவகாமி மேல ஏங்க இவ்ளோ கோபம்?

சரித்திர நாவல்னு பேச்சை எடுத்தாலே நம்ம மக்கள் வந்தியத்தேவன் குதிரைக்குப் பின்னாடி ஓடிடுவாங்க. தப்பித் தவறி யாராவது 'சிவகாமியின் சபதம்' பக்கம் வந்தா, சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். "சிவகாமிக்குத் திமிருங்க. மாமல்லன் கூப்பிட வந்தப்பவே கிளம்பியிருந்தா இவ்ளோ வம்பே இல்லை." போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில கூட இதே டயலாக். பாயசம் ஆறிப் போற அளவுக்குச் சண்டை போட்டுட்டு வந்தேன்.

உண்மையைச் சொல்லிடறேன். பதினஞ்சு வயசுல நானும் அதே கட்சிதான். முழுப் பரீட்சை லீவுல, அம்மா பைண்டு பண்ணி வெச்சிருந்த பழைய தொடர்கதைப் புஸ்தகத்துல படிச்சது. நாலாம் பாகம் முடிஞ்சதும் மாமல்லனை நினைச்சு உருகி, சிவகாமியைத் திட்டித் தீர்த்தேன்.

கல்கி எழுத்தெல்லாம் 1999-ல நாட்டுடைமை ஆச்சு இல்லையா, அதுக்கப்புறம் சொந்தமா ஒரு செட் வாங்கி மறுபடி படிச்சேன். அப்பதான் மூணாம் பாகம் மண்டையில ஏறுச்சு.

அந்தச் சபதம் எங்க பொறக்குது? காதலனோட ஊடல்லயா? இல்லைங்க. வாதாபி நாற்சந்தியில. சிறை பிடிச்சுக்கிட்டு வந்த தமிழ் ஜனங்களைப் புலிகேசி நடுத்தெருவுல நிக்க வெச்சு சாட்டையால அடிக்க வைக்கிறான். சிவகாமி ஆடினாத்தான் அடி நிக்கும். ஆடறா. ஆயனர் சிற்பியோட பொண்ணு, மகேந்திர பல்லவர் மெச்சின கலை, தெருமுனையில அடிக்குப் பதிலா விலை போகுது. அந்த அவமானத்துலதான், இந்த ஊரை மாமல்லர் கொளுத்தின பிறகுதான் கிளம்புவேன்னு சபதம் பண்றா.

இவ்வளவும் நடந்த பிறகு மாறுவேஷத்துல வந்து, வா ஓடிப் போயிடலாம்னா? அவ ஒருத்தி தப்பிச்சுப் போயிடலாம். சாட்டையடி வாங்கினவங்க? ராத்திரியோட ராத்திரியா சத்தமில்லாம வந்திருக்கலாமேன்னு நாம கேக்கறோம் பாருங்க, அது எனக்கு ரொம்ப உறுத்துது. அடிபட்ட பொண்ணுங்ககிட்ட இன்னிக்கும் நாம கேக்கற கேள்விதானே இது?

மாமல்லன் பாண்டிய இளவரசியைக் கட்டிக்கிட்டதுக்குக் கூட நான் சண்டைக்குப் போக மாட்டேன். சாகக் கிடக்கற அப்பா கேக்கறார், படையெடுக்கணும்னா தெற்கே பாண்டியனோட சம்பந்தம் வேணும். ராஜா வீட்டுக் கணக்கு அது. ஆனா ஒன்பது வருஷம் ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா. ஊரைக் கொளுத்தி அவளை மீட்டுக் கூட்டிக்கிட்டு வர்ற வழியிலயாவது யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? காஞ்சிக்கு வந்த பிறகுதான் பட்டமகிஷி, குழந்தைங்க எல்லாம் அவளுக்குத் தெரிய வருது. கதையில எனக்கு மன்னிக்கவே முடியாத இடம் இதுதான். போர்ல அவ்ளோ வீரம் காட்டின ஆளுக்கு இந்த ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலை :-(

இன்னொரு குறும்பு கவனிச்சீங்களா? நாலு பாகத்துல ஒரு பாகத்தோட தலைப்புலதான் 'காதல்'ங்கற வார்த்தையே வருது. 'பிக்ஷுவின் காதல்'. கதாநாயகனோடது இல்லை, நாகநந்தியோடது! அந்த ஆள் வில்லன்தான், அவர் பண்ணின அக்கிரமத்துக்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கலை. ஆனா சிவகாமியோட கலையைப் பைத்தியமா நேசிச்சதுல அவர்கிட்ட பொய் கிடையாது. மாமல்லன் அவ ஆட்டத்தைப் பத்தி அந்த அளவுக்கு யோசிச்சானான்னு எனக்குச் சந்தேகம்தான். கல்கி தெரிஞ்சேதான் அந்தத் தலைப்பு வெச்சார்னு நினைக்கறேன்.

642-ல வாதாபி விழுந்தது நிஜம். இன்னிக்குக் கர்நாடகத்துல பாதாமின்னு சொல்ற ஊர்தான் அது, அங்க பாறையில நரசிம்மவர்மனோட கல்வெட்டு கூட இருக்கு. சிவகாமி மட்டும் கல்கியோட கற்பனை. அந்தக் கற்பனைப் பொண்ணுதான் கடைசியில ஏகாம்பரநாதரையே புருஷனா வரிச்சு, சன்னிதியில ஆடறா. "பாவம், பைத்தியம் பிடிச்சுடுச்சு"ன்னு என் அத்தை சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணலை. நாற்சந்தியில புலிகேசி பிடுங்கின ஆட்டத்தை அவ திரும்ப எடுத்துக்கிட்ட மாதிரிதான் இருக்கு.

மாமல்லன் ரசிகர்கள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம், காத்துக்கிட்டிருக்கேன்.

டிஸ்கி: மணிமேகலையை வந்தியத்தேவன் என்ன பாடு படுத்தினான்னு எழுதச் சொல்லி யாரும் தூண்டாதீங்க. அது தனிப் பதிவு, நிச்சயம் நீளமா வரும் :-)