ஒரு பட்டை அதிகம்

என் ஹெரால்டு காரின் பின்பக்கம் தொங்கிப்போயிருந்தது. டிக்கியில் இரண்டு மூட்டை நூல் ஏற்றினால் பம்பர் தரையைத் தொடப் பார்க்கும். லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் கட்டும் பட்டறை ஒன்றில் கொண்டுபோய் விட்டேன். "ஒரு பட்டை சேத்திப் போட்டா நிமிந்துக்கும்ங்ணா" என்றார் அங்கிருந்த தம்பி. போட்டார், நிமிர்ந்தது. நானும் சந்தோஷமாக ஓட்டி வந்தேன்.

மூன்றாம் நாள். சாமளாபுரம் குளக்கரைப் பக்கம் ஒரு வளைவில், நூல் மூட்டையோடு ஒரு மொபட் குறுக்கே வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான். யாரோ பின்னால் நின்று தூக்கிவிட்டதுபோல வண்டி எழும்பியது, பின்பக்கம் வெளியே வீசியது. பாதி சுற்றித் திரும்பி, ஒரு வேப்பமரத்துக்கு இரண்டு முழம் முன்னால் நின்றேன். மொபட்காரர் இறங்கிவந்து, "ஏனுங்க, தூங்கீட்டீங்களா?" என்று கேட்டார்.

தூங்கவில்லை. அந்தக் காரின் பிறவிக் குணம் அது. அதைத்தான் நான் காசு கொடுத்துக் கூட்டியிருந்தேன்.

1959ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு வந்தது. 1961லிருந்து அதைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் செய்து விற்றது. அதே அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி 1962ல் பிறந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். உலகம் முழுக்கப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் இன்றும் கொஞ்சும் வண்டி அது. என் வீட்டுக் குடும்பக் காரும் அந்தப் பந்தயக் குட்டியும் பங்காளிகள். இரண்டுக்கும் நோயும் ஒன்றே.

பின்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டு, நடுவில் டிஃபரன்ஷியல் பக்கம் மட்டும்தான் மடங்கும். சக்கரத்தின் பக்கம் மடங்காது. அதனால் வண்டியின் பின்பக்கம் எழும்பும்போதெல்லாம் சக்கரம் உள்ளே மடிந்து, டயர் ஓரத்தில் நிற்கும். வேகமாக வளையும்போது திடீரென்று காலை எடுத்தால் இதுதான் நடக்கிறது. பட்டையைக் கூட்டி உயர்த்தினால், நிற்கும்போதே பாதி மடிந்த நிலைக்கு வந்துவிடுகிறது. தொங்கிக்கிடந்தபோதுகூட என் வண்டி இதைவிடப் பத்திரமாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் செவ்ரோலெட் கார்வேர் இதே வகை ஆக்ஸிலால்தான் பேர் கெட்டது. 1965ல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதைப் பற்றியதுதான்.

தயாரித்தவர்களுக்கும் இது தெரிந்தேயிருந்தது. 1970ல் வந்த நான்காம் மார்க் ஸ்பிட்ஃபயரில் பட்டைக் கட்டை மாற்றினார்கள். ஒரே ஒரு பட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்து, மற்றவற்றை ஊஞ்சல்போல ஆட விட்டார்கள். வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் வேலையை முன்பக்கக் குறுக்குக் கம்பியிடம் கொடுத்தார்கள். நம் சென்னைக் கம்பெனி 1972ல் ஹெரால்டை கெஸல் என்ற பெயரில் விட்டபோது, இந்த ஆக்ஸிலையே தூக்கிப்போட்டு நடுவில் மடங்காத ஆக்ஸில் வைத்தது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சி. கம்பெனியிலிருந்து வந்தபடியேதான் இருக்கவேண்டும், ஒரு நட்டைக்கூடத் தொடாதே என்பது ஒரு கட்சி. தாழ்த்து, இறுக்கு, அகல டயர் போடு என்பது இன்னொன்று. என் மகன் இரண்டாவது கட்சி, தாழ்த்தச் சொல்கிறான். சாலை விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கவேண்டும். நம் தெருக்களில் இருப்பதோ தாரைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிய மேடு. அதில் தாழ்த்திய காரை ஏற்றினால் சைலன்சர் மிஞ்சாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

நாற்பது வருஷம் தறி ஓட்டியவன் நான். நாடா எகிறி விழுந்தால் புதிதாக வந்தவன் அடியைக் கூட்டப் பார்ப்பான். மேஸ்திரி முதலில் தேய்மானத்தைப் பார்ப்பார். காருக்கும் அதுதான் முறை. என் வண்டியின் முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டுக்கு, ட்ரன்னியன் என்பார்கள், கியர் ஆயில்தான் விடவேண்டும். கிரீஸ் அடித்தே பழகிய கைகள் அதற்கும் கிரீஸ் அடித்துவிடும். உள்ளே மரை துருப்பிடித்து ஒருநாள் முறியும், சக்கரம் படுத்துக்கொள்ளும். இதைச் சரிபார்க்காமல் புது ஷாக் அப்சார்பர் மாட்டுவது, ஓட்டை வாளிக்குப் பெயின்ட் அடிப்பது.

தேய்ந்ததை எல்லாம் மாற்றியபின், இங்கிலாந்திலிருந்து அந்த ஊஞ்சல் பட்டையையும் தடித்த முன்கம்பியையும் வரவழைத்துப் போட்டேன். இப்போது அதே வளைவில் காலை எடுத்தாலும் வண்டி தரையிலேயே இருக்கிறது.

ஆனால் இது சட்டப்படி சரியா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் தயாரித்தவர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொன்னது. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்காக 2021ல் வந்த தனி விதி, அடிச்சட்டம், பாடி, இன்ஜின் மூன்றையும் மாற்றாமல் அசல் நிலையில் இருந்தால்தான் 'விண்டேஜ்' என்கிறது. ஸ்பிரிங்கைப் பற்றி அங்கே பேச்சில்லை. பேச்சில்லாத இடத்தில் எதிரே நிற்கும் ஆய்வாளரின் மனசுதான் சட்டம்.

நான் கேட்பது சின்ன விஷயம். தயாரித்த கம்பெனியே பின்னாளில் செய்த பாதுகாப்புத் திருத்தத்தை, வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், போல்ட் போட்டு மாட்டினால் அதுவும் அசல்தான் என்று ஒரு வரி எழுதுங்கள். கூடவே, பட்டறையில் பட்டை கூட்டி உயர்த்துவதையும் சுருள் ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்துவதையும் தகுதிச் சான்று தரும்போது கட்டாயம் பாருங்கள். இன்று கம்பெனித் திருத்தத்தை மாட்டியவன் பயப்படுகிறான், பட்டறையில் உயர்த்தியவனும் தாழ்த்தியவனும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார்கள்.

கழற்றிய பழைய பட்டைக் கட்டை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றித் தறிக்கூடத்துப் பரணில் வைத்திருக்கிறேன். ஆய்வாளர் ஐயா வந்து அசல் எங்கே என்றால் இறக்கிக் காட்டலாம். மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னால் மட்டும், அந்தக் குளக்கரை வளைவுக்கு அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் போவேன்.