மருந்தும் மானமும்

நமது சிட்லபாக்கத்துக்குப் பக்கத்து இரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம் என்பதாகும். 1928-ல் டாக்டர் டேவிட் சவுரி முத்து அவர்கள் க்ஷயரோகிகளுக்காக ஏற்படுத்திய ஆஸ்பத்திரியினால் வந்த பெயர் அது. அக்காலத்தில் இந்நோய்க்குத் தக்க மருந்தே கிடையாது. நல்ல காற்றும், ஆகாரமும், ஓய்வுமே வைத்தியம். பிழைத்தவன் தெய்வச்செயல் என்றான். செத்தவன் வீட்டார் தலைவிதி என்றார்கள்.

பிறகு மருந்து வந்தது. தெய்வச்செயலும் தலைவிதியும் ஒன்றாகவே மூட்டை கட்டிக் கொண்டன. 1956-ல் சென்னையில் ஆரம்பித்த ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் ஏழைக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைப் போலவே குணமாகும் என்று உலகத்துக்கு ருசுப்படுத்திற்று.

அப்பேர்ப்பட்ட நாட்டில் 2024 மார்ச்சில் நடந்தது என்ன? க்ஷயரோக மருந்து வரத் தாமதமாகும், மூன்று மாதத்துக்கு வேண்டியதை நீங்களே வாங்கிக் கொள்ளுங்கள் என்று மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கு எழுதிற்று. ஆறுமாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து இது. நடுவில் நின்றால் கிருமி மருந்துக்கு அடங்காததாகி, பிறரையும் தொற்றும்.

அது கொள்முதல் கோளாறு என்றே வைத்துக் கொள்வோம். அடியிலுள்ள கோளாறு அதைவிடப் பெரிது. உலகத்துக்கே மருந்துக்கடை என்று மார்தட்டுகிறோம். ஆனால் மாத்திரைக்காக வெளிநாட்டிலிருந்து வாங்கும் மூலச்சரக்கில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. வாங்கிய மாவில் இட்லி வார்ப்பவன் தன்னை உழவன் என்று சொல்லிக் கொள்ளலாமா? 1954-ல் பிம்பிரியில் சர்க்காரே பென்சிலின் தொழிற்சாலை வைத்தது. பின்னர் வெளிச்சரக்கு மலிவு என்று வாங்கத் தொடங்கி, இங்கே பென்சிலின் மூலச்சரக்கு செய்வதே நின்றுபோயிற்று. 2020-ல் கொள்ளைநோய் வந்து கண்ணைத் திறந்த பிறகுதான், 53 மூலமருந்துகளை இங்கேயே செய்ய 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். செங்கற்பட்டில் 2012-ல் அனுமதித்த தடுப்பூசித் தொழிற்சாலையோ, 2021-ல் ஜனங்கள் ஊசிக்கு அலைந்தபோதும் சும்மா கிடந்தது!

மலிவாகக் கிடைக்கும்போது வீண்செலவு எதற்கு என்பார்கள் சில புத்திசாலிகள். தினமும் யுத்தம் நடக்கிறதென்றா பட்டாளம் வைத்திருக்கிறோம்? எல்லையில் துப்பாக்கி இருந்து, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாவிட்டால், அது என்ன தேசப் பாதுகாப்பு?

அந்நியன் சரக்கு தீட்டு என்று நாம் சொல்லவில்லை. அறிவுக்குத் தேசமில்லை, கொடுக்கல் வாங்கல் இருக்கட்டும். ஒரே வாசலில் கையேந்தி நிற்பதைத்தான் கண்டிக்கிறோம்.

ஆகவே தோழர்களே! சர்க்கார் தொழிற்சாலைகளை ஓடச் செய்யவும், உயிர்காக்கும் மருந்துகளை ஆறுமாதத்துக்குக் குறையாமல் இருப்பு வைக்கவும் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கோவில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்பதை விட்டு, நம்மூர் ஆஸ்பத்திரியின் மருந்து இருப்புக் கணக்கைக் கேளுங்கள். அதுவே மானமுள்ள குடிமக்களுக்கு அழகாகும்.