துணைவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

"ஒரு கை தட்டினால் ஓசை எழாது" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி கூறும் பழமொழி. கால்பந்துத் திடலுக்கும் இது பொருந்தும். திடலில் ஓடுபவர்கள் பதினொருவர். கோட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பவர் தலைமைப் பயிற்சியாளர். அவர் அருகிலேயே, செய்தித்தாளில் படமும் வராமல் பெயரும் வராமல் சிலர் நிற்கிறார்கள். அவர்களே உதவிப் பயிற்சியாளர்கள்.

ஒரு கழகத்திற்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தம் உதவியாளர்களை அவரே தேர்ந்துகொள்ளலாமா? அல்லது ஏற்கெனவே அங்கிருப்பவர்களை வைத்துக்கொண்டுதான் பணியாற்ற வேண்டுமா? "பந்தாட்டக்காரர்களின் வழக்கு நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழியரே! பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் மற்றொருவரிடமும் இருந்தால் என்ன ஆகும் என்பதே இக்கேள்வியின் உட்பொருள்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். தேர்ந்துகொள்ளும் உரிமை புதியவருக்கே வேண்டும். ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்துமுன், அங்கிருப்பவர்களை வேலையில் வைத்துப் பார்த்து எடைபோடுவது அவருடைய கடமை.

உதவியாளரின் வேலை என்ன? ஒருவர் கோல்கீப்பரைப் பழக்குகிறார். ஒருவர் ஆட்டக்காரர்களின் உடல் வலிமையைக் கவனிக்கிறார். மற்றொருவர் எதிரணியின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறார். இவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. தலைவரிடம் சொல்ல அஞ்சுவதை ஆட்டக்காரர்கள் உதவியாளரிடம் சொல்வார்கள். ஆட்டக்காரர்கள் சொல்ல முடியாததை அவர் தலைவரிடம் சொல்ல வேண்டும். "நீங்கள் நினைப்பது தவறு" என்று தனியறையில் சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளும் நம்பிக்கை தலைவருக்கு வேண்டும். இந்த நம்பிக்கையை நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் போட்டு உண்டாக்க முடியுமா?

இதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று. அங்கே கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரை மேனேஜர் என்று அழைப்பர். பிரையன் கிளஃப் அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர். அவருடைய துணைவர் பீட்டர் டெய்லர். இருவரும் இளமையில் மிடில்ஸ்பரோ கழகத்தில் சேர்ந்து ஆடியவர்கள். 1967-இல் இருவரும் டெர்பி கவுண்டி கழகத்திற்கு வந்தபோது, அது இரண்டாம் பிரிவில் இருந்தது. 1972-இல் அது இங்கிலாந்தின் முதற்பிரிவுச் சாம்பியன் ஆயிற்று!

1974-இல் கிளஃப், அவ்வாண்டின் சாம்பியனான லீட்ஸ் யுனைடெட் கழகத்தின் பொறுப்பை ஏற்றார். டெய்லர் உடன் வரவில்லை. பிரைட்டன் கழகத்திலேயே தங்கிவிட்டார். லீட்ஸில் இருந்தவர்களோ முந்தைய மேனேஜரிடம் பற்று வைத்தவர்கள். கிளஃப்பின் நாவும் கூர்மையானது. வந்தவுடனேயே ஆட்டக்காரர்களின் மனத்தைப் புண்படுத்தினார். "பொறுங்கள்" என்று தோளில் கைவைத்துத் தடுக்கப் பக்கத்தில் டெய்லர் இல்லை. லீக் பந்தயங்கள் 6-இல் 1-இல் மட்டுமே வெற்றி. 44 நாட்களில் கிளஃப் வெளியேற்றப்பட்டார்.

பிறகு 1975 ஜனவரியில் அவர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கழகத்திற்குச் சென்றார். தனியாக நடத்திய 1975-76 பருவத்தில் அக்கழகம் இரண்டாம் பிரிவில் 8-ஆம் இடத்தையே பெற்றது. 1976-இல் டெய்லர் வந்து சேர்ந்தார். 1977-இல் முதற்பிரிவுக்கு உயர்வு. 1978-இல் சாம்பியன் பட்டம். 1979, 1980 ஆகிய இரண்டாண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பை! ஆட்களை அறிந்து எடுப்பதில் டெய்லர் வல்லவர். முன்வரிசையில் ஆடிவந்த கென்னி பர்ன்ஸ் என்பவரை வாங்கித் தடுப்பாட்டக்காரராக நிறுத்தினார்கள். 1978-இல் கால்பந்து எழுத்தாளர்கள் அவரையே ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தனர்.

"அப்படியானால் புதியவர் வந்ததும் பழையவர் அனைவரையும் வெளியே அனுப்பிவிடலாமே!" என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு.

1959 டிசம்பரில் பில் ஷாங்க்லி என்பவர் லிவர்பூல் கழகத்திற்கு மேனேஜராக வந்தார். அதுவும் அப்போது இரண்டாம் பிரிவில்தான் இருந்தது. பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் ஆகியோர் அங்கே பயிற்சியாளர்களாக இருந்தனர். புதியவர் வந்தால் தங்கள் வேலை போய்விடும் என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஷாங்க்லி அவர்களை அழைத்து, ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அனைவரையும் வைத்துக்கொண்டார். காலணிகளை அடுக்கி வைக்கும் ஒரு சிறு அறையில் இந்த உதவியாளர்கள் கூடி ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது வழக்கமாயிற்று. 1962-இல் லிவர்பூல் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 1964-இல் சாம்பியன் ஆயிற்று. 1974-இல் ஷாங்க்லி விலகியபோது, அன்று வேலை தப்பிய அதே பெய்ஸ்லி தலைமை ஏற்றார். ஒன்பது பருவங்களில் 6 முறை சாம்பியன் பட்டமும் 3 ஐரோப்பியக் கோப்பைகளும் பெற்றுத் தந்தார்! அவருக்குப் பின் வந்த ஃபேகன், 1983-84 ஆகிய ஒரே பருவத்தில் மூன்று கோப்பைகளை வென்றார். ஷாங்க்லி முதல் நாளே அவர்களை அனுப்பியிருந்தால் லிவர்பூல் எதை இழந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்விரண்டு வரலாறுகளும் ஒன்றுக்கொன்று முரணானவையா? இல்லை என்பேன். ஷாங்க்லியும் தேர்ந்தெடுத்தவரே! அங்கிருந்தவர்களை அவர் தம் விருப்பத்தால் ஏற்றுக்கொண்டார். ஆகவேதான் அவர்களும் அவருக்கு உரியவர்கள் ஆனார்கள்.

புதியவருக்கு இவ்வுரிமை கூடாது என்பவர்கள் கூறும் காரணங்களில் மூன்றை ஆராய்வோம். முதலாவது, "உறவினரையும் நண்பரையும் கொண்டுவந்து நிரப்புவார்" என்பது. இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் தோல்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரேயன்றோ? தகுதியற்றவரைக் கொண்டுவருபவர் தம் நாற்காலியின் காலைத் தாமே அறுக்கிறார். இரண்டாவது, "பழையவர்களுக்கே ஆட்டக்காரர்களின் இயல்பு தெரியும்" என்பது. இது முழு உண்மை. எனவேதான் பார்த்து எடைபோட வேண்டும் என்கிறேன். மூன்றாவதே என் மனத்தைத் தொடுவது. உதவியாளருக்கும் குடும்பம் உண்டு. தலைவர் தோற்றால், தவறு செய்யாத அவரும் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கிறது. அவருடைய பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியிருக்கிறது. ஆகவே யாரை அனுப்பினாலும் முகத்துக்கு நேரே காரணத்தைக் கூறி, போதிய காலமும் உரிய ஊதியமும் கொடுத்து அனுப்ப வேண்டும். இது கழகத்தின் கடமை.

இரண்டு வழிகளையும் இணைத்துக் காட்டியவர் ஒரு பெண்மணி என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 2024 மே மாத இறுதியில் எம்மா ஹேய்ஸ் அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். இங்கிலாந்தின் செல்சீ கழகத்தில் தம்முடன் பணியாற்றிய சிலரை அவர் அழைத்து வந்தார். அதே சமயம், அவர் வரும்வரை இடைக்காலத்தில் அணியை நடத்திய ட்விலா கில்கோரும் உதவிப் பயிற்சியாளராக உடனிருந்தார். ஆட்டக்காரர்களை அறிந்தவர் ஒருவர், தலைவரை அறிந்தவர்கள் சிலர்! அவ்வாண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் பந்தயத்தில் பிரேசிலை 1-0 என்று வென்று அமெரிக்கா தங்கம் பெற்றது. ஹேய்ஸ் வந்து மூன்று மாதங்கள்கூட நிறைவடையவில்லை!

என் சொந்த அனுபவம் ஒன்றையும் கூறாவிட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு எறிபந்து அணிக்கு நான் தலைவி. துணைத் தலைவியாக என் உயிர்த்தோழியே வரவேண்டும் என்று விரும்பினேன். வகுப்போ வாக்களித்து வேறொருத்தியைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, "நீ பெண்களை நிறுத்தும் வரிசை சரியில்லை. உயரமானவர்களை முன்னால் விடு" என்றாள். கோபம் வந்தது. ஆனாலும் மாற்றிப் பார்த்தேன். இறுதிப் போட்டி வரை சென்றோம். அங்கே இரண்டு புள்ளிகளில் தோற்றோம். என் தோழி அந்த வார்த்தையை ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு என் மனம் நோகக்கூடாது! உரிமை என்னிடம் இருந்திருந்தால் தவறாகவே பயன்படுத்தியிருப்பேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காக உரிமையே கூடாது என்று நான் மாறிவிடவில்லை. தேர்ந்தெடுக்கும் முறையைக் கற்க வேண்டும் என்றே உணர்ந்தேன். ஆராய்ந்து தேர்வதற்கும், தேர்ந்தபின் நம்பி வேலையை ஒப்படைப்பதற்கும் வள்ளுவர் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வைத்திருக்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் தலைமை.

தோழியரே! நாளை நம்மில் சிலர் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ அலுவலகத்துக்கோ தலைவியராகலாம். அன்று நம் முன்னே பழைய முகங்கள் சில கவலையோடு நிற்கும். தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் நமக்கு இனிமையாகப் பேசுபவர் யார் என்று தேடாமல், நம் தவறை நம்மிடமே சொல்பவர் யார் என்று தேடுவோம். அவர் நாம் அழைத்து வந்தவராகவும் இருக்கலாம். நமக்கு முன்பே அங்கே காத்திருப்பவராகவும் இருக்கலாம்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி