கம்பியில்லா அட்டையும் பூட்டிய ஏடும்

ஓலைச்சுவடி தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையரவர்கள் வரலாற்றை நம் தமிழ் வகுப்பில் அறியாதார் இலர். வீட்டில் ஏடு இருக்கவும் அதனை வெளியே காட்ட மனமில்லாதாரையும் அப்பெரியார் கண்டனர். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சேறியபின் ஏட்டைப் பூட்டிவைக்கும் வழக்கம் ஒழிந்ததென்றே யான் எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில், வடக்கனந்தலில் எங்கள் வீட்டுத் திண்ணையில், ஒரு மடிக்கணினி அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று.

அது என் தமையனார் பயன்படுத்திய பழங்கணினி. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. அடுத்த பதிப்பை இக்கணினி தாங்காது. ஆகவே மூத்த மாணாக்கர் ஒருவர் தந்த பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். திரையும் ஒலியும் தமிழெழுத்தும் செவ்வனே அமைந்தன. வைஃபை மட்டும் இல்லை. பழுதுபார்ப்பவர் ஒருவர் நோக்கி, "தம்பி, கார்டு போயிற்று; வேறு போட வேண்டும்" என்றார்.

கார்டு போகவில்லை. அதனை அறிய மூன்று மாலைப்பொழுதுகள் சென்றன. ஆர்எஃப்கில் என்னும் கட்டளையை இட்டபோது, வைஃபையை அடைக்கும் பொத்தான் அடைபட்டிலது எனத் தெரிந்தது. எல்எஸ்பிசிஐ என்பது உள்ளுறுப்புக்களை எண்ணிக் காட்டுவது. அதில் அட்டையின் பெயரும் அடையாள எண்ணும் தெளிவாக நின்றன. செத்த அட்டை தன் பெயர் சொல்லுமோ? இறுதியில் டிமெஸ்ஜி என்னும் கட்டளை, கர்னல் தொடக்கமுதல் எழுதிவைத்த நாட்குறிப்பை விரித்தது. நூற்றுக்கணக்கான வரிகளின் நடுவே ஒரு வரி: அட்டைக்குரிய ஃபர்ம்வேரை ஏற்ற இயலவில்லை, பிழை எண் கழித்தல் 2. அப்பெயரிற் கோப்பில்லை என்பதே அதன் பொருள்.

ஃபர்ம்வேராவது, அட்டையினுள் இருக்கும் சிறு செயலிக்கு இயங்குதளம் ஊட்டும் நிரல். இயக்கி திறந்த மூலமாயிருப்பினும், இந்நிரலின் மூலத்தை அட்டை செய்வோர் பெரும்பாலும் வெளியிடார். மருந்தென்னவோ எளிதுதான். அம்மருந்து இணையத்தில் உளது. இணையத்தை எட்டவோ அவ்வட்டை வேண்டும்! கைப்பேசியை யுஎஸ்பி வடத்தாற் பிணைத்து, அதன் இணைப்பைக் கணினிக்கு அளித்து, ஃபர்ம்வேர்த் தொகுதியை இறக்கி நிறுவி, மறுதொடக்கம் செய்தேன். வலைகளின் பெயர்கள் வரிசையாய் எழுந்தன. கைப்பேசிக்கும் அலை எட்டாத கல்வராயன் மலைச் சிற்றூர் மாணாக்கர் என் செய்வர்?

பூட்டை உடையாமலே திறந்தாரும் உளர். பிராட்காம் அட்டைகளுக்கு (என்னுடையது வேறு) திறந்த இயக்கி இல்லாத காலத்தில், தன்னார்வலருள் ஒரு குழுவினர் ஏற்கெனவே இருந்த இயக்கியை ஆராய்ந்து அட்டையின் இயல்பைக் குறித்துவைத்தனர். மற்றொரு குழுவினர் அக்குறிப்பை மட்டும் கொண்டு புதியதோர் இயக்கி வரைந்தனர். அது 2006இல் கர்னல் 2.6.17ஆம் பதிப்பிற் சேர்ந்தது. 2010 செப்டம்பரில் அந்நிறுவனமே தன் புதிய அட்டைகள் சிலவற்றிற்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது.

மூலம் மறைந்த ஃபர்ம்வேரை டெபியன் இயக்கத்தார் நெடுங்காலம் தம் முறையான நிறுவியிற் சேர்க்காது விலக்கினர். 2022இல் தம்முள் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதற் சேர்த்தனர். ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இக்கலப்பை ஒப்புவதில்லை. கொள்கையளவில் அவ்வறக்கட்டளை கூறுவதே நேரிது. ஆயினும் யான் டெபியனார் பக்கமே நிற்பேன். வேறொரு கருவியால் இணையத்தை எட்ட வல்லார்க்குத் தூய்மை ஒரு விரதம். அஃதில்லார்க்கு அது சாத்திய கதவு. பழி அட்டை செய்து விற்போரைச் சார்க. வாங்கியவன் ஏன் சுமக்க வேண்டும்?

அரசினர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. அத்தகைய கொள்முதல் ஒவ்வொன்றிலும், 'அட்டையின் ஃபர்ம்வேரை யாவரும் படியெடுத்து வழங்கலாம்' என்னும் ஒரு நிபந்தனை ஒப்பந்தத்தில் ஏறுமாயின், என்போன்றோர் மூன்று மாலைகளை இழவார். நம் கல்லூரி ஆய்வகத்திற்கு வாங்குவோரும் இதனை எண்ணுவாராக.

யான் கண்ட வழியை இரண்டு தாளில் தமிழில் எழுதித் தமிழ்த்துறை வாயிலில் ஒட்டியுள்ளேன். பிழை காணும் அன்பர் மையாலேயே திருத்திவிடுக.