நீங்கள் ஆர் எண்டு கேட்டால் இடையூறா?

'பொலிஸாரின் கடமைக்கு இடையூறு விளைவித்தார்.' செய்தியில் இந்த வசனம் வந்தால் போதும், நீர்வேலியில் தேத்தண்ணிக் கடை வாங்கிலேயே தீர்ப்பு எழுதியாச்சு: "பெடியன் வாயைக் காட்டியிருப்பான்." என்ன கடமை, என்ன இடையூறு எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. எனக்கு விசர் வாறது இதிலதான்.

2023 ஜூன் 2. மருதங்கேணியில் கஜேந்திரகுமார் பொன்னம்பலம் விளையாட்டுக் கழகங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்துக்கொண்டிருந்தார். சிவில் உடையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நீங்கள் ஆர், அடையாளத்தைக் காட்டுங்கோ எண்டு கேட்டதில் வாக்குவாதம் வந்தது. துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள் என்று அவர் சொன்னார். பொலிஸ் வேறு கதை சொன்னது. 7ஆம் திகதி கொழும்பில் வைத்து அவரைக் கைது செய்தார்கள். காரணம், அதே வசனம். கிளிநொச்சி நீதிமன்றம் பிணையில் விட்டது.

அவருடைய அரசியலை நீங்கள் ஏற்கத் தேவையில்லை. எனக்கும் அவரோடு கனக்க முரண்பாடு இருக்கு. ஆனால் பாராளுமன்ற உறுப்பினருக்கே இந்தக் கதி எண்டால், வாழைக்குலை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போற பெடியனுக்கு?

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 183ஆம் பிரிவு. அரச ஊழியர் தன் கடமையைச் செய்யும்போது வேண்டுமென்றே தடுப்பதுதான் குற்றம். ஆர் எண்டு சொல்லாமல் விளையாட்டுக் கழகக் கூட்டத்தை நோட்டம் விடுவது என்ன கடமை? அதை நிறுவவேண்டியது பொலிஸ், நாங்கள் இல்லை. அடுத்தது 'வேண்டுமென்றே'. எதிரே நிற்கிறவர் பொலிஸ் எண்டே தெரியாதவன் அவருடைய கடமையை எப்படி வேண்டுமென்றே தடுப்பான்?

பொலிஸுக்கும் பாதுகாப்பு வேணும்தானே எண்டு சொல்லுவியள். ஓம், வேணும். கைவைத்தால் அதுக்கு 344ஆம் பிரிவு தனியா இருக்கு. பருத்தித்துறை வீதியில் 1990 அம்புலன்ஸுக்குக் குறுக்கே மோட்டார் சைக்கிளை விடுகிறவனைப் பிடித்து உள்ள போடுங்கோ, நான் கைதட்டுவன். அங்க உள்ளுக்கு ஒரு உயிர் கிடக்கு. அடையாள அட்டையைக் கேட்டால் ஆற்றை உயிர் போகுது?

தம்பி, தங்கச்சியள், இதை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ. கைதுக்கான காரணத்தைச் சொல்லியாகவேண்டும் எண்டு அரசியலமைப்பின் 13(1) சொல்லுது. 'இடையூறு' எண்டு ஒரு சொல்லோட நிப்பாட்டினால், எந்தக் கடமைக்கு எண்டு கேளுங்கோ. விளங்காத மொழியில் எழுதின வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதேங்கோ.