பச்சை அங்கியும் சோனகப் பெயரும்

'கிரேஸ் அனாட்டமி' என்ற அமெரிக்க வைத்தியசாலைத் தொடரில் 2017இல் ஹிஜாப் அணிந்த பயிற்சி வைத்தியர் ஒருவர் வந்தார். பாத்திரத்தின் பெயர் டாலியா காத்ரி. 2018இல் ஒளிபரப்பான காட்சியொன்றில், இரத்தம் பீறிடும் காயத்துக்குத் தனது ஹிஜாபையே கழற்றிக் கட்டுகிறார். 'கடைசியில் எங்களையும் மனிதராகக் காட்டிவிட்டார்கள்' என்று புளகாங்கிதமடைந்த நம்மவர்களும் உண்டு. உயிர்காக்கத் துணியை அவிழ்ப்பதில் மார்க்கப் பிழை எதுவுமில்லை. நிர்ப்பந்தத்தின் சட்டம் நமக்குத் தெரியாததல்ல. எனது கேள்வி வேறு. அடையாளத்தைக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் ஒருத்தி பார்வையாளரின் மனதில் இடம்பிடிக்கலாம் என்று ஏன் எழுதப்படுகிறது?

2020இல் தொடங்கிய கனடாவின் 'ட்ரான்ஸ்பிளான்ட்' தொடரும் இதே சூத்திரம்தான். சிரிய அகதியான வைத்தியன் உணவகத்தில் வேலை செய்கிறான். விபத்தொன்றில், கையில் கிடைத்த கருவிகளைக் கொண்டு பலரைக் காப்பாற்றுகிறான். அவர்களுள் ஒருவர் அவசரப் பிரிவின் தலைவர். அதன் பிறகே வேலை. அற்புதம் நிகழ்த்தாத அகதி கோப்பை கழுவிக்கொண்டே இருக்கட்டும் போலும்! மஹ்மூத் மம்தானி 2004இல் 'நல்ல முஸ்லிம், கெட்ட முஸ்லிம்' என்று எழுதியது இந்தத் தராசைப் பற்றித்தான்.

ஆனால் அமெரிக்காவரை ஏன் போகவேண்டும்? நமது வரவேற்பறையிலேயே ஒரு வைத்தியசாலை நாடகம் மாதக்கணக்கில் ஓடியதே.

2019 மே 13இல் குருநாகல், புத்தளம் மாவட்டங்களின் முஸ்லிம் கிராமங்கள் தாக்கப்பட்டன. கொட்டாறமுல்லையில் ஓர் உயிர் போனது. பத்து நாட்களில், மே 23இல், 'திவயின' பத்திரிகையின் முதற்பக்கத்தில் செய்தி: 4,000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்கு முஸ்லிம் வைத்தியர் ஒருவர் கருத்தடை செய்துவிட்டாராம். மறுநாள் குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். அதன்பின் கமெராக்களின் ராச்சியம். வைத்தியசாலை வாசலில் முறைப்பாட்டு வரிசை, பிரேரணைகள், பிக்குகளின் உரைகள். எல்லாம் இரவுச் செய்தியில், பின்னணி இசையோடு.

சிசேரியன் நடக்கும் அறையை ஒருமுறையாவது நினைத்துப் பார்த்தார்களா? மயக்க மருந்து கொடுப்பவர், உதவி வைத்தியர், தாதியர், சிற்றூழியர் எனப் பலர் அந்த மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். அநேகர் சிங்களவர். அத்தனை கண்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான தடவை ஒருவர் இரகசியமாகக் குழாயை நெரித்தார் என்றால், அது எந்தத் தொடரின் திரைக்கதையிலும் நிற்காது. அம்பாறையில் 2018 பெப்ரவரியில் சாப்பாட்டுக்குள் 'கருத்தடை மாத்திரை' கண்டவர்களும் கடைசியில் மாவுக்கட்டியைத்தான் கண்டிருந்தார்கள். ஜூன் 27இல் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரமில்லை என்று நீதிமன்றில் சொன்னது. ஜூலை 25இல் பிணை. அதற்குக் கமெராக்கள் அவ்வளவு விரைந்து வரவில்லை.

இன்னொரு தரப்பையும் நாம் மறந்துவிடுகிறோம். தன் கருப்பையை யாரோ திருடிவிட்டதாக நம்பவைக்கப்பட்டு வரிசையில் நின்ற சிங்களத் தாய்மாரும் இந்த நாடகத்தில் ஏமாற்றப்பட்டவர்களே. அவர்களுடைய பயத்தை எழுதிய ஒரு சிறுகதை நம்மிடம் உண்டா?

பிறகு, 2022 நெருக்கடியில் டொக்டர் ஷாபி தனது நிலுவைச் சம்பளம் 26 இலட்சத்துக்கும் அதிகமான ரூபாவை மருந்து வாங்கச் சுகாதார அமைச்சுக்கே கொடுத்தார். அது அவரது பெருந்தன்மை, தலைவணங்குகிறேன். ஆனால் நாமும் அதை இறுதிக் காட்சியாக்கிக் கைதட்டினோமே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பணத்தை அவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் குற்றவாளி ஆகியிருப்பாரா? குற்றமற்றவன் சம்பளத்தையும் கொடுத்துத்தான் நல்லவனாக வேண்டுமென்றால், அது காத்ரியின் ஹிஜாப் அன்றி வேறென்ன?

எத்தாளையிலிருந்தும் கண்டக்குழியிலிருந்தும் பிரசவத்துக்குக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போகிற பெண்கள் பச்சை அங்கிக்குள் இருப்பவரின் இனத்தைக் கேட்டா மேசையில் ஏறுகிறார்கள்? வலி அதற்கு விடாது. நமது எழுத்தாளர்கள் அந்த விடுதிக்குள் போகட்டும். தியாகியோ அற்புதம் செய்பவரோ வேண்டாம். மேலதிக நேரக் கொடுப்பனவுக்குச் சண்டை பிடிக்கிற, தாதியிடம் எரிந்து விழுகிற, ளுஹர் தவறிப்போனதை அஸரில் நினைத்துக்கொள்கிற ஒரு டொக்டரை எழுதித் தாருங்கள். கவிதையாக வேண்டாம், ஷாபிக்காக எழுதிய ஒப்பாரிகளே போதும்.