பழைய மோட்டாரின் கதவு

தென்காசியினின்று குற்றாலம் செல்லும் வழியிலுள்ள மேலகரம், குற்றாலக் குறவஞ்சியின் ஆசிரியராகிய திரிகூடராசப்பக் கவிராயரால் பெயர் பெற்ற ஊர். ஆனி, ஆடி மாதங்களிலே மேற்கு மலையைக் கடந்து வரும் சாரல் இவ்வூர் வீதிகளையும் நனைத்துச் செல்லும். அருவியாடச் செல்வோர்க்கு இன்பமளிக்கும் அச்சாரல் இரும்புக்குக் கொடிய பகையாகும். இதனை யான் நூலிற் கற்றிலேன். என் தாய்மாமன் வீட்டுக் கொட்டகையில் நெடுநாள் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மோட்டாரின் பின்கதவு ஒன்றே எனக்குக் கற்பித்தது.

அவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். இத்தாலியராகிய மிக்கெலோட்டி என்பார் வகுத்த உருவோடு ஹெரால்டு வண்டி 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் சென்னையிலே ஸ்டாண்டர்டு கம்பெனியார் அதனைச் செய்யலாயினர். சீமையில் விற்ற வண்டிக்கு இரண்டே கதவுகள். நம்மவரோ பாட்டி முதல் பேரன் ஈறாகக் கூஜாவும் கட்டுச்சோறுமாகப் பிரயாணம் செய்பவர். முன் ஆசனத்தை மடக்கிப் பாட்டியைப் பின்னே ஏற்றுவது எளிய காரியமோ? 1968இல் சென்னையார் நான்கு கதவுகளுடைய ஹெரால்டு ஒன்றைச் செய்து விற்றனர். அத்தகைய வண்டி இந்தியாவிலன்றி வேறெங்கும் செய்யப்பட்டிலது. ஆதலின் அதன் பின்கதவு கெட்டால், சீமைக்கு எழுதி வேறொன்று வருவிக்கலாமென்று எண்ணுதல் வீண். அம்பாசிடரின் நிலை வேறு. அது வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்டமையால், சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் கடைகளில் தேடுவோர்க்கு அதன் உறுப்புகள் அகப்படும்.

பழைய வண்டியைப் புதுக்கப் புகுவோர் முதலிற் செய்வது கதவின் பூட்டையும் கைப்பிடியையும் மாற்றுதல். கடைசியிற் செய்வது அழுக்கைப் போக்குதல். இம்முறை தலைகீழானது என்பதே என் துணிபு.

மாமாவின் வண்டிக் கதவு மூடினால் நில்லாது, நின்றால் திறவாது. பூட்டுப் போயிற்றென்றும், வேறொரு வண்டியின் பூட்டை வாங்கி, கதவுத் தகட்டைச் சிறிது வெட்டிப் பொருத்திவிடலாமென்றும் ஒருவர் யோசனை கூறினார். மாமா இசையும் தறுவாயில், தகர வேலையில் முதிர்ந்த அண்ணாச்சி ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் பூட்டைத் தொடவேயில்லை. உட்புறத்து அட்டையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். மண்ணும், மக்கிய இலையும், குளவிக்கூடு ஒன்றும், அரக்குப்போல் இறுகிய கிரீஸும் வெளிவந்தன. “பூட்டு கெடவில்லை ஐயா, கதவுக்கு மூச்சு முட்டிவிட்டது” என்றார்.

அவர் சொல்லின் உண்மை யாதெனில்: கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கின் வழியே மழைநீர் கதவினுள் இறங்கியே தீரும். செய்தவரும் அதனை அறிந்தே கதவின் அடியில் நீர் வடியத் துளைகள் விட்டனர். அத்துளைகளை அழுக்கு அடைத்துவிடின் நீர் உள்ளே தேங்குகிறது. தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. வெளியே வர்ணம் கொப்புளிக்கும்போது தகடு பெரும்பாலும் அரித்துப்போயிருக்கும். அதன்மேல் பட்டி பூசி வர்ணமடிப்பது புண்ணை ஆற்றாது துணியால் மறைப்பதை ஒக்கும்.

துளைகளைக் குத்தித் திறந்து, பூட்டை மண்ணெண்ணெயிற் கழுவி, புதிய கிரீஸ் இட்டபின் அதன் நாக்கு தடையின்றி ஓடிற்று. ஆயினும் கதவு சற்றே தொங்கியது. திறந்த கதவின் நுனியைக் கையால் தூக்கிப் பார்த்தால், கீலில் ஆட்டமுண்டா என்பது தெரிந்துவிடும். கீலின் ஆணி தேய்ந்திருந்தது. அதனை மட்டும் மாற்றினோம். ஹெரால்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதன் உடல் தனித்தனிப் பகுதிகளாகத் தனி அடிச்சட்டத்தின்மேல் திருகாணிகளால் பிணிக்கப்பட்டது. ஆதலின் கதவு பொருந்தாமைக்குக் காரணம் கதவிலன்றி அடிச்சட்டத்திலும் இருத்தல் கூடும். இதனை ஆராயாது பூட்டை மாற்றுபவர் பணத்தையும் இழந்து, பழைய பூட்டையும் இழப்பர்.

அழுக்கைப் போக்குதலிலும் அவசரம் ஆகாது. உலர்ந்த துணியால் புழுதியைத் தேய்த்தால் மணற்பொடி வர்ணத்தைக் கீறும். முதலில் நீர் வார்த்து ஊறவிடல் வேண்டும். பின்னர் மெல்லிய சோப்புநீரும், இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். மண்ணெண்ணெய் ரப்பர் பீடிங்கிற் படலாகாது. பட்டால் ரப்பர் ஊதிப்போம். இங்கே எங்கள் அத்தையின் கைங்கரியத்தையும் மறைத்தற்கில்லை. குத்துவிளக்கைத் துலக்கும் ஆர்வத்தோடு கைப்பிடிகளையும் புளியிட்டுத் துலக்கிவிட்டார்கள்! விளக்கு பித்தளை, கைப்பிடியோ துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமியம் பூசியது. பூச்சிலுள்ள சிறு புள்ளிகளின் வழியே புளிப்பு இறங்கி உலோகத்தை அரித்தது. அத்தையை நோவதெங்ஙனம்? பளபளப்பே தூய்மை என்று நாம் அனைவரும் எண்ணுகிறோம்.

பழையது யாவும் போற்றத்தக்கது என்று யான் வாதிக்க வந்தேனல்லேன். மூடிய கதவு ஓட்டத்தில் திறந்துகொள்ளுமாயின், அப்பூட்டை அன்றே மாற்றுக. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் ஆசன வார் கிடையாது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு மலைப்பாதையின் வளைவுகளில், உள்ளிருப்பவரை வெளியே விழாமல் தடுப்பது அப்பூட்டின் நாக்கு ஒன்றே. அவ்விடத்தில் பழமைப்பற்று உயிர்க்கொலையாய் முடியும். கைப்பிடியின் மங்கலோ எவரையும் கொல்வதில்லை. அதனைக் களைந்து கடைத்தெருவின் பிளாஸ்டிக்குக் கைப்பிடியை மாட்டுவது வீண் ஆடம்பரம்.

சட்டமும் இதனைக் கவனிக்கிறது. மத்திய சர்க்கார் 2021இல் வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, ஆதி உருவம் மாறாது, பெரும் மாற்றத்திற்கு உட்படாதிருக்கும் சொந்த உபயோக வண்டியே தொன்மை வண்டியெனப் பதிவுபெறும். புதிதாய்ப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். கதவைக் கண்டபடி வெட்டி வேறு பூட்டுப் பொருத்தியவர், ஆதி உருவம் மாறவில்லையென்று எவ்வாறு கூறுவர்?

மாமாவின் வண்டியில் வலப்புறப் பின்கதவின் கைப்பிடி மட்டும் வேறு வண்டியினது. எப்பொழுது மாட்டப்பட்டதென்று அவருக்கே நினைவில்லை. முறிந்த பழைய கைப்பிடி பிஸ்கோத்துத் தகரப்பெட்டி ஒன்றில் பத்திரமாயிருக்கிறது. அதற்கு அச்செடுத்துப் பித்தளையில் வார்த்துத் தரவல்லார் நம் கல்லூரிப் பழைய மாணவருள் எவரேனும் உளராயின், அடுத்த சாரலுக்கு முன்னர் அறிவிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.